கட்டிலைத் திருப்பிப் போட்டா லூசிட் ட்ரீம் வருமா?

கொஞ்ச நாளா ரீல்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்னு எங்க பார்த்தாலும் இதே பேச்சுதான், வடக்கே தலை வெச்சுப் படுத்தா கனவை நம்ம இஷ்டத்துக்கு ஆட்டி வைக்கலாம், இல்ல இல்ல கிழக்கேதான் வைக்கணும், மல்லாந்து படுத்தா ஒரே வாரத்துல லூசிட் ட்ரீம் கேரண்டி, இடது பக்கம் படுத்தா வரவே வராது, இப்படி ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பாட்டி சொன்ன திசை சாஸ்திரம் கொஞ்சம், வெளிநாட்டு டெக்னிக் கொஞ்சம், பள்ளிக்கூடத்துல படிச்ச காந்தப் பாடம் கொஞ்சம்னு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கிடுறாங்க, கேக்குறவங்களுக்கு எது எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியுறதில்ல. இதை நம்பி ஹாஸ்டல் பசங்க தினமும் ராத்திரி 3 மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து, விறைப்பா மல்லாந்து படுத்து, கடைசியில கனவும் வராம காலேஜ்ல முதல் பீரியட்லயே தூங்கி வழியுறாங்க, சில பேர் அமுக்குவான் வந்து பயந்து போய் லைட்டைப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க. அதனால அடிப்படையில இருந்து ஒவ்வொண்ணா சொல்லிடலாம்னு தோணுச்சு.

## முதல்ல, லூசிட் ட்ரீம்னா என்ன

தியேட்டர்ல படம் பார்க்குறதை எடுத்துக்கோங்க. இன்டர்வெல் முடிஞ்சு முக்கியமான சீன், உங்களுக்குத் தொண்டை அடைக்குது. அந்த நேரத்துல நீங்க எந்த ரோவுல உக்காந்திருக்கீங்க, டிக்கெட் எவ்ளோ, வண்டியை எங்க நிறுத்தினீங்க எதுவுமே மனசுல இருக்காது, திரையில நடக்குறது மட்டும்தான் உலகம். சாதாரணக் கனவு இப்படித்தான் இருக்கும். செத்துப்போன தாத்தா சோபாவுல உக்காந்து காபி குடிச்சிட்டு இருப்பார், நமக்கு அதுல ஒரு சந்தேகமும் வராது.

இப்போ அதே சீன்ல, "அட, இது படம்தானே"ன்னு ஒரு நினைப்பு வருது, ஆனா நீங்க எழுந்து வெளிய போகல, சீட்லயே இருந்து படத்தையும் பார்க்குறீங்க, பார்த்துக்கிட்டு இருக்கோம்ங்கிறதும் தெரியுது. கனவுக்குள்ள இந்த நிலை வந்தா அதுக்குப் பேர்தான் லூசிட் ட்ரீம். அதாவது தூக்கம் கலையாம, கனவு ஓடிக்கிட்டு இருக்கும்போதே இது கனவுன்னு தெரியுறது. அவ்ளோதான். பறக்குறது, நினைச்ச இடத்துக்குப் போறதுன்னு ரீல்ஸ்ல காட்டுறாங்களே, அந்தக் கன்ட்ரோல் தனி விஷயம். கனவுன்னு தெரிஞ்சும் எதையும் மாத்த முடியாம சும்மா பார்த்துட்டு இருந்தாலும் அது லூசிட் ட்ரீம்தான்.

இது கட்டுக்கதையும் இல்ல. ஃப்ரெடெரிக் வான் ஈடன்னு ஒரு டச்சு மனநல மருத்துவர் 1913லயே இந்தப் பேரை வெச்சு எழுதிட்டார், ஆனா ரொம்ப நாளைக்கு விஞ்ஞானிகள் யாரும் நம்பல, தூங்குறவனுக்கு எப்படி சுயநினைவு இருக்கும், நடுவுல முழிச்சிருப்பான்னு ஒதுக்கிட்டாங்க. 1975ல இங்கிலாந்துல ஹல் பல்கலைக்கழகத்துல கீத் ஹெர்ன் அழகா ஒரு வழி கண்டுபிடிச்சார். கனவு காணும்போது கை கால் அசையாது, ஆனா கண்ணு அசையும், அதனால "கனவுன்னு தெரிஞ்ச உடனே கண்ணை இடம், வலம், இடம், வலம்னு ஆட்டு"ன்னு முன்கூட்டியே பேசி வெச்சு, தூங்குற ஆளோட மூளை அலையை மெஷின்ல பதிவு பண்ணிட்டே காத்திருந்தார், ஆளு நல்லாத் தூங்கிட்டு இருக்கும்போதே சொன்ன மாதிரி கண் சிக்னல் வந்துச்சு. கொஞ்ச வருஷத்துல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல ஸ்டீஃபன் லபெர்ஜும் தனியா இதையே செஞ்சு காட்டினார். 2021ல இன்னும் ஒரு படி மேல போய், தூங்கிட்டு லூசிட் ட்ரீம்ல இருக்குறவங்க கிட்ட 8ல 6 போனா எவ்ளோன்னு கேட்டு, கண் அசைவுலயே 2ன்னு பதில் வாங்கிட்டாங்க. எனக்கு இதைப் படிச்சப்போ சிலிர்த்துப் போச்சு.

அபூர்வ சக்தியும் இல்ல இது. பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2016ல ஒரு கணக்கு போட்டாங்க, அதுப்படி நூத்துல 55 பேருக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது வந்திருக்கு, மாசத்துக்கு ஒண்ணாவது வர்றவங்க நூத்துல 23 பேர்.

## ராத்திரியில எப்போ இது நடக்கும்

தூக்கம் ராத்திரி முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு சுத்துன்னு நாலஞ்சு சுத்து போகும். ஒவ்வொரு சுத்துலயும் லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், அப்புறம் ரெம் தூக்கம்னு மாறி மாறி வரும். ரெம் தூக்கம்னா மூளை கிட்டத்தட்ட முழிச்சிருக்குற அளவுக்கு வேலை செஞ்சுக்கிட்டு, மூடின இமைக்குள்ள கண்ணு வேகமா அங்கயும் இங்கயும் ஓடுற கட்டம், கதை மாதிரி நீளமான தெளிவான கனவெல்லாம் பெரும்பாலும் இதுலதான் வரும். 1953ல சிகாகோ பல்கலைக்கழகத்துல அசெரின்ஸ்கியும் கிளைட்மேனும் இதைக் கண்டுபிடிச்சாங்க.

இந்த ரெம் பத்தி ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகம் இருந்தாப் போதும். ஒண்ணு, ரெம் நேரத்துல கண்ணையும் மூச்சுத் தசையையும் தவிர மத்த தசை எல்லாம் செயலிழந்து கிடக்கும், கனவுல ஓடினா நிஜத்துல காலைத் தூக்கி அடிக்காம இருக்க உடம்பு செஞ்சுக்குற ஏற்பாடு அது. ரெண்டாவது, ரெம் ராத்திரி பூரா சமமாப் பிரிஞ்சு இருக்காது. முதல் சுத்துல சில நிமிஷம்தான் வரும், விடிய விடிய நீண்டுக்கிட்டே போய் கடைசி சுத்துல அரை மணி நேரத்துக்கு மேலகூட ஓடும். விடியக்காலைக் கனவு பலிக்கும்னு நம்ம வீடுகள்ல சொல்றாங்களே, பலிக்குதோ இல்லையோ, ஞாபகத்துல தங்குற கனவு பெரும்பாலும் விடியக்காலைக் கனவாத்தான் இருக்கும், ஏன்னா அப்போதான் ரெம் அதிகம், அதுல இருந்து நேரா முழிக்கிறோம்.

ஆக லூசிட் ட்ரீம் வரணும்னா ரெண்டு வேணும்: நல்ல நீளமான ரெம், அந்த நேரத்துல மூளையில "இது கனவா"ன்னு கேக்குற பகுதி லேசாவாவது முழிச்சுக்கிறது. கட்டில் திசையோ படுக்குற விதமோ உதவுதான்னு பார்க்குறப்போ, இந்த ரெண்டுல எதையாவது தொடுதான்னுதான் பார்க்கணும்.

## திசை

நம்ம ஊர்ல சொல்ற வாக்கு எல்லாருக்கும் தெரியும், "உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு". வடக்கே தலை வைக்கக் கூடாதுன்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்திருப்போம். இது உடம்புக்கும் ஆயுசுக்கும் சொன்னது, கனவுக்குள்ள தெளிவு வர்றதைப் பத்தி இதுல ஒரு வார்த்தைகூடக் கிடையாது. லூசிட் ட்ரீமை இதுல ஒட்ட வெச்சது இப்போதைய ரீல்ஸ்தான்.

ஒட்ட வைக்க அவங்க சொல்ற காரணம் காந்தம். பூமி ஒரு காந்தம், ரத்தத்துல இரும்பு இருக்கு, வடக்கே தலை வெச்சா ரத்தம் மூளைக்கு இழுக்கப்படும், அதனால மூளை தூண்டப்படும்னு. கேக்க நல்லா இருக்கு, ஆனா ஒவ்வொரு படியிலயும் உதைக்குது. உடம்புல மொத்தமே 3, 4 கிராம் இரும்புதான் இருக்கு, அதுல பெரும்பகுதி ஹீமோகுளோபின்ல, அதாவது ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்குற பொருளுக்குள்ள, ஒவ்வொரு அணுவா மாட்டிக்கிட்டு இருக்கு. ஆணி மாதிரி காந்தம் இழுக்குற இரும்பு இல்ல அது. ஆக்சிஜன் ஏறின ரத்தத்தைக் காந்தம் உண்மையில ரொம்ப ரொம்ப லேசா விலக்கத்தான் செய்யும்.

பலத்தையும் பாருங்க. நம்ம பக்கம் பூமியோட காந்தப் புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா, டெஸ்லாங்கிறது காந்த பலத்தை அளக்குற அலகு. ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுற காந்தப் பொம்மை இதைவிட நூறு மடங்குக்கு மேல பலம். எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷின் 1.5 டெஸ்லா, அதாவது 35,000 மடங்குக்கு மேல. அதுக்குள்ள அரை மணி நேரம் படுத்துட்டு வர்றவங்களுக்கு ரத்தம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போறதில்ல. பல பேர் அந்தச் சத்தத்துலயும் அசந்து தூங்கிடுறாங்க.

இன்னொண்ணு, நம்ம பெட்ரூம்ல வடக்குங்கிறதே அவ்ளோ சுத்தமா இருக்காது. போன்ல காம்பஸ் ஆப்பைத் திறந்து கட்டில் மேல வெச்சுப் பாருங்க, அப்படியே மெதுவா இரும்பு பீரோ பக்கம் கொண்டு போங்க, முள் பத்து இருபது டிகிரி திரும்பும், பீரோ கதவை ஒட்டிப் போனா இன்னும் அதிகமா ஆடும், கான்கிரீட் தூணுக்குள்ள இருக்குற கம்பிக்கும் கொஞ்சம் ஆடும். ஃபிளாட்ல நம்ம தலைமாட்டுல இருக்குற காந்தப் புலத்தை முடிவு பண்றதுல பீரோவுக்கும் பங்கு இருக்கு.

நேர்மையா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 2019ல அமெரிக்காவுல கால்டெக் பல்கலைக்கழகத்துல ஜோ கிர்ஷ்விங்க்ங்கிற விஞ்ஞானியோட குழு, வெளிக் காந்தப் புலம் உள்ள வராத ஒரு ரூம்ல ஆளுங்களை இருட்டுல உக்கார வெச்சு, பூமி அளவு பலமுள்ள காந்தப் புலத்தைச் சுத்தித் திருப்பினாங்க, சில பேரோட மூளை அலையில ஒரு மாற்றம் தெரிஞ்சுது. அதனால மனுஷ மூளைக்குக் காந்தமே தெரியாதுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அங்க இருந்தவங்க முழிச்சிருந்தாங்க, புலத்தை மெஷின் திருப்பிச்சு. கட்டில்ல அசையாம படுத்திருக்குறவனுக்குப் புலம் திரும்புறதே இல்ல. 1987ல ஜெர்மனியில ஒரு சின்ன ஆய்வு, கிழக்கு மேற்கா படுத்தவங்களுக்கு முதல் ரெம் கொஞ்சம் சீக்கிரம் வந்துச்சுன்னு சொல்லிச்சு, ரொம்பக் கொஞ்சம் பேரை வெச்சுச் செஞ்சது, அதை வெச்சு சட்டம் போட முடியாது, அதுலயும் லூசிட் ட்ரீம் பத்திப் பேச்சே இல்ல.

படம் ஓடும்போது தியேட்டரோட திரை கிழக்குச் சுவர்ல இருக்கா மேற்குச் சுவர்ல இருக்கான்னு யாருக்கும் தெரியாது, தெரிஞ்சாலும் படம் மாறாது. நேரடியா திசை செய்யுற வேலை அவ்ளோதான்.

## அப்போ கட்டிலைத் திருப்பினவங்களுக்கு ஏன் வந்துச்சு

இங்கதான் எனக்குப் பிடிச்ச பகுதி. திருப்பினேன், வந்துச்சுன்னு சொல்றவங்க பொய் சொல்லல.

பெரம்பூர்ல எங்க பெரியப்பா பையன் இருக்கார், பழைய வீடு, மாடியில பத்துக்குப் பத்து ரூம், ஒரே ஒரு ஜன்னல், கிழக்குப் பக்கம். தெற்கே தலை வெச்சுப் படுத்துட்டு இருந்தவர் ஏதோ வீடியோ பார்த்துட்டு ஒரு ஞாயித்துக்கிழமை கட்டிலைத் தரதரன்னு இழுத்து ஜன்னலுக்குக் கீழ தலைமாடு வர்ற மாதிரி போட்டார், டைல்ஸ்ல கட்டில் கால் கீறின கோடு இன்னும் இருக்கு. அந்த வாரத்துலயே கனவுக்குள்ள இது கனவுன்னு தெரிஞ்சு, எங்க பழைய வீட்டு மொட்டை மாடியில நின்னு சுத்திப் பார்த்திருக்கார். போன் பண்ணி, "பார்த்தியாடா, கிழக்கு உத்தமம்னு சும்மாவா சொன்னாங்க"ன்னார்.

"அண்ணா, அது வந்தப்போ மணி என்ன இருக்கும்?"

"விடியக்காலைதான். வெளிச்சம் மூஞ்சியில அடிச்சு ஒரு தடவை முழிச்சுட்டேன், அஞ்சே முக்கால் இருக்கும், ஸ்க்ரீனை இழுத்து விட்டுட்டு இன்னைக்காவது வருமான்னு நினைச்சுக்கிட்டே படுத்தேன், அதுக்கப்புறம் வந்ததுதான்."

அவர் சொன்னதுலயே பதில் இருக்கு. சென்னையில மே, ஜூன் மாசம் 5.45க்கெல்லாம் சூரியன் வந்துரும், தலைக்கு மேல ஜன்னல், திரை மெல்லிசு, அதனால ரெம் நிறைய இருக்குற நேரத்துல கொஞ்சம் முழிச்சார், கனவைப் பத்தி நினைச்சுக்கிட்டே மறுபடி தூங்கினார். இது அப்படியே ஆராய்ச்சிக்காரங்க சொல்ற முறை, அவருக்கே தெரியாம செஞ்சிருக்கார். வேலையைச் செஞ்சது ஜன்னல். அதே ஜன்னல் மேற்குல இருந்திருந்தா காலையில வெளிச்சம் இப்படி அடிச்சிருக்காது.

இதுக்கு மேல இன்னொரு காரணமும் உண்டு. "புது இடம், தூக்கமே வரல"ன்னு ஊருக்குப் போனா சொல்வோம்ல, அது நிஜம். பழகாத இடத்துல முதல் ராத்திரி தூக்கம் லேசா இருக்கும், அடிக்கடி முழிப்பு வரும். 2016ல பிரவுன் பல்கலைக்கழகத்துல செஞ்ச ஆய்வுல, புது இடத்துல ஆழ்ந்து தூங்கும்போதும் மூளையோட ஒரு பாதி இன்னொரு பாதியை விட லேசாத் தூங்குதுன்னு பார்த்தாங்க, காவல் காக்குற மாதிரி. ரூம் அதேதான் ஆனாலும் கட்டில் திரும்பினா ஃபேன் காத்து வேற பக்கம் படும், சுவர் இருந்த இடத்துல கதவு இருக்கும், அதுவே முதல் ஒண்ணு ரெண்டு ராத்திரிக்குத் தூக்கத்தை லேசாக்கலாம். அடிக்கடி முழிச்சா கனவு நிறைய ஞாபகம் இருக்கும். பழகினதும் போயிடும். "முதல் வாரம் சூப்பரா வந்துச்சு, அப்புறம் நின்னுருச்சு"ன்னு நிறைய பேர் சொல்றது இதனாலயும் இருக்கலாம்.

மார்கழி மாசத்துல கோயில் ஸ்பீக்கர் நாலரை அஞ்சுக்கு ஆரம்பிக்கும், முழிச்சு, பாட்டை அரைகுறையாக் கேட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு மறுபடி தூங்கினா வர்ற கனவு எவ்ளோ தெளிவா இருக்கும்னு கவனிச்சிருக்கீங்களா, அதுவும் இதே கணக்குதான்.

சுருக்கமா: திசை நேரடியா ஒண்ணும் செய்யறதில்ல. திசை மாறும்போது கூடவே மாறுற வெளிச்சம், காத்து, சத்தம், சூடு, நம்ம எதிர்பார்ப்பு இதெல்லாம் செய்யுது.

## படுக்குற விதம்

திசையை விட இதுல விஷயம் இருக்கு. ஏன்னா படுக்குற விதம் மூச்சுக் குழாயையும் தசையையும் வயித்தையும் நிஜமாவே தொடுது. சீட் கோணலா இருந்து முதுகு வலிச்சா படத்துல இருந்து அப்பப்போ வெளிய வந்துருவோமே, அந்த மாதிரி.

வெளியில உடம்புக்கு நடக்குறது கனவுக்குள்ள போகும்ங்கிறதுக்கு ரொம்பப் பழைய ஆதாரம் இருக்கு. 1958ல டிமென்ட், வோல்பர்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ரெம்ல இருக்குறவங்க மேல குளிர்ந்த தண்ணியைத் தெளிச்சு, அப்புறம் எழுப்பிக் கேட்டாங்க, நூத்துக்கு 42 தடவை கனவுல தண்ணி வந்திருக்கு, மழை, ஒழுகுற கூரைன்னு. பின்னாடி வேற ஆய்வுகள்ல பிரஷர் பார்க்குற பட்டையைக் கால்ல கட்டி, தூக்கத்துல காத்தடிச்சு இறுக்கிப் பார்த்தாங்க, அந்த அழுத்தமும் கனவுக்குள்ள போச்சு. அதனால கை மடங்கி மரத்துப் போற மாதிரி படுத்தா கனவுல கை மாட்டிக்கிட்ட மாதிரி வர்றதுல ஆச்சரியம் இல்ல.

பக்கம் பத்தி ரெண்டு ஆய்வு அடிக்கடி பேசப்படுது. 2004ல துருக்கியில 63 பேரை வெச்சு செஞ்சது, இடது பக்கம் படுக்குறவங்கள்ல நூத்துக்கு 41 பேர் அளவுக்குக் கெட்ட கனவு வருதுன்னு சொன்னாங்க, வலது பக்கம் படுக்குறவங்கள்ல 15 பேர்தான். 2012ல ஹாங்காங்ல 670 மாணவர்கள் கிட்ட கேட்டதுல, குப்புறப் படுக்குறவங்களுக்கு மூச்சு முட்டுறது, கட்டிப் போடுறது, காமக் கனவு இதெல்லாம் கூடுதலா வந்திருக்கு. இது ரெண்டுமே அவங்கவங்க சொன்னதை வெச்சுப் போட்ட கணக்கு, ராத்திரி யாரும் பக்கத்துல நின்னு எந்தப் பக்கம் திரும்பினாங்கன்னு பார்க்கல, ஒரு ராத்திரியில நாம பல தடவை புரண்டு படுக்குறோம், காலையில முழிக்கிறப்போ இருக்குற பக்கம்தான் ராத்திரி பூரா இருந்த பக்கம்னு நினைச்சுக்குறோம். ரெண்டுலயும் லூசிட் ட்ரீமை அளக்கவே இல்ல. "இடது பக்கம் படுத்தா லூசிட் வராதுன்னு நிரூபிச்சுட்டாங்க"ன்னு இதைத்தான் திரிச்சுச் சொல்றாங்க.

திபெத்திய பௌத்தத்துல கனவு யோகம்னு ஒரு பயிற்சி பல நூற்றாண்டா இருக்கு, அதுல சிங்கம் படுக்குற மாதிரி வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்வாங்க. புத்தர் படுத்த நிலைச் சிலை எல்லாம் அப்படித்தான் இருக்கும். (புத்தர் கடைசியா படுத்தப்போ தலை வடக்கே இருந்ததாத்தான் பௌத்த மரபு சொல்லுது, ஒரே திசைக்கு மரபுக்கு மரபு அர்த்தம் எப்படி மாறுதுன்னு பாருங்க.) அந்த மரபு மேல எனக்கு நிறைய மரியாதை உண்டு, ஆனா அவங்க சொல்றது பக்கத்தை மட்டும் இல்ல, அதோட பகல் பூரா செய்யுற கவனப் பயிற்சியும் சேர்த்துத்தான். பக்கத்தை மட்டும் பிச்சு எடுத்துட்டு வந்தா அது வேற ஏதோ.

## மல்லாந்து படுக்குறதும் அமுக்குவானும்

மல்லாந்து படுக்கணும்னு சொல்றவங்க கிட்ட பாதி உண்மை இருக்கு. மல்லாந்து படுத்தா நாக்கும் தொண்டைத் தசையும் பின்னாடி சரிஞ்சு மூச்சு வழி குறுகும், குறட்டை வரும், சில பேருக்கு மூச்சே விட்டு விட்டு வரும். ரெம்ல தசை எல்லாம் தளர்ந்திருக்குறதால அப்போ இது இன்னும் மோசமாகும். அதனால ரெம் நடுவுல குட்டிக் குட்டியா முழிப்பு வரும்.

அப்படி முழிக்கும்போது சில சமயம் மூளை முழிச்சுடும், தசையோட பூட்டு மட்டும் திறக்காது. கண்ணு தெரியுது, ஃபேன் சுத்துறது கேக்குது, கையை அசைக்க முடியல, கத்த முடியல, நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி பாரம், ரூம் மூலையில ஒரு உருவம். நம்ம ஊர்ல அமுக்குவான் பேய்னு சொல்றது இதைத்தான், டாக்டருங்க இதுக்கு ஸ்லீப் பராலிசிஸ்னு பேர் வெச்சிருக்காங்க. கனவோட மிச்சம் முழிச்ச கண்ணு முன்னாடி ஓடுறதால உருவம் தெரியுது, மூச்சு ரெம் கதியிலயே ஆழமில்லாம போறதால நெஞ்சு அழுத்துற மாதிரி இருக்கு. நூத்துல 8 பேருக்காவது வாழ்க்கையில ஒரு தடவை வந்திருக்கும். மல்லாந்து படுக்கும்போதுதான் இது அதிகமா வருதுன்னு பல ஆய்வுகள் சொல்லுது. சில வினாடியில இருந்து ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள தானாப் போயிடும், உயிருக்கு ஒண்ணும் ஆகாது. வந்தா பதறாம மூச்சைக் கவனிச்சு, கால் கட்டை விரலை மட்டும் அசைக்கப் பாருங்க.

லூசிட் ட்ரீமும் ஸ்லீப் பராலிசிஸும் ஓரளவுக்கு ஒரே ஆளுங்களுக்கு வருதுன்னும் தெரியுது, ரெண்டுமே ரெம்முக்கும் முழிப்புக்கும் நடுவுல இருக்குற வாசல்ல நடக்குற விஷயம்தான். முழிச்ச நினைப்போட நேரா கனவுக்குள்ள நுழையுற டெக்னிக்கை முயற்சி பண்றவங்க மல்லாந்து படுக்கச் சொல்றது இதனாலதான். ஆனா அதுக்குக் கொடுக்குற விலை தூக்கம். குறட்டை உள்ளவங்க, உடம்பு கனமா இருக்குறவங்க, ஏற்கெனவே அமுக்குவான் வந்து பயந்தவங்க இதுக்காக மல்லாந்து படுக்க வேண்டாம். கர்ப்பமா இருக்குறவங்க கடைசி மூணு மாசத்துல ஒருக்களிச்சுத்தான் தூங்கப் போகணும்னு டாக்டர்கள் சொல்றாங்க, அங்க கனவு ஆராய்ச்சிக்கே இடமில்ல. நெஞ்செரிச்சல் உள்ளவங்களுக்கு இடது பக்கம் நல்லது. இந்த மாதிரி உடம்புக் காரணம்தான் பக்கத்தை முடிவு பண்ணணும், அது எதுவும் இல்லன்னா எப்படிப் படுத்தா சீக்கிரம் தூக்கம் வருதோ அதுதான் உங்க பக்கம்.

## எது நிஜமா உதவுது

லபெர்ஜ் சொன்ன முறை ரொம்ப எளிமை. ராத்திரி ஏறக்குறைய 5 மணி நேரம் தூங்கின பிறகு எழுந்து, கொஞ்ச நேரம் முழிச்சிருந்து, கடைசியா கண்ட கனவை நினைச்சுப் பார்த்து, "அடுத்த தடவை கனவு காணும்போது இது கனவுன்னு எனக்கு ஞாபகம் வரும்"னு மனசார சொல்லிக்கிட்டே மறுபடி தூங்கணும். உருப்போடுறதுல பிரயோஜனம் இல்ல, அந்தக் கனவுக்குள்ள நாம இருந்து, அதைக் கனவுன்னு கண்டுபிடிக்கிற மாதிரி கற்பனையும் பண்ணிக்கணும். பின்னாடி ஒரு வேலையைச் செய்யணும்னு இப்பவே மனசுல போட்டு வைக்கிற ஞாபகத்தைத்தான் இது பயன்படுத்துது.

2017ல ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட் பல்கலைக்கழகத்துல டென்ஹோம் ஆஸ்பி இதைச் சோதிச்சுப் பார்த்தார். பகல்ல அடிக்கடி "இது கனவா"ன்னு நிஜமா சோதிச்சுப் பார்க்குறது, 5 மணி நேரத்துக்கு அப்புறம் எழுறது, மேல சொன்ன மனப்பயிற்சி, மூணையும் ஒரு வாரம் சேர்த்துச் செஞ்சவங்களுக்கு நூத்துக்கு 17 முயற்சியில லூசிட் ட்ரீம் வந்துச்சு. பயிற்சி முடிச்சு 5 நிமிஷத்துக்குள்ள தூங்கிப் போனவங்களுக்கு அது 46. இந்த 5 நிமிஷக் கணக்கைத்தான் நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். மறுபடி சீக்கிரம் தூங்கணும்னா உடம்பு சௌகரியமா இருக்கணும், பழகாத கோணத்துல விறைச்சுக்கிட்டு படுத்தா அதுவே போச்சு. படுக்குற விதத்துக்கும் லூசிட் ட்ரீமுக்கும் இருக்குற பெரிய தொடர்பு இதுதான்னு எனக்குப் படுது.

பகல்ல சோதிக்கிறதுக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு மூச்சு விட்டுப் பார்க்கலாம், கனவா இருந்தா மூச்சு போகும். போர்டு எழுத்தை ஒரு தடவை படிச்சுட்டு, திரும்பிட்டு மறுபடி படிக்கலாம், கனவுல பெரும்பாலும் மாறிடும். தலைமாட்டுல ஒரு நோட்டு வெச்சு, முழிச்ச உடனே போனைத் தொடாம கனவை எழுதுறதும் கண்டிப்பா உதவும், கனவே ஞாபகம் இல்லாதவங்களுக்கு அதுல தெளிவு வந்துச்சான்னும் தெரியப் போறதில்ல.

தினமும் அலாரம் வைக்காதீங்க, வாரத்துல ஒரு நாள், மறுநாள் லீவா இருக்கும்போது போதும். தூக்கம் குறைஞ்சா ரெம்மும் குறையும். கேலன்டமைன்னு ஒரு மாத்திரையைப் பத்தியும் பேசிக்குறாங்க, 2018ல வந்த ஆய்வுல அது லூசிட் ட்ரீமை அதிகமாக்கினது உண்மைதான், ஆனா அது அல்சைமர் நோய்க்குக் கொடுக்குற மருந்து, இதயத் துடிப்பைக் குறைக்கும், டாக்டர் எழுதிக் கொடுக்காம மெடிக்கல்ல வாங்கிப் போடுற விஷயம் இல்ல. இல்லாத குரல் கேக்குறது, எது நிஜம்னு குழம்புறது மாதிரி மனநலப் பிரச்சனைக்கு மருந்து எடுக்குறவங்க இந்தப் பயிற்சி எதையும் தானா ஆரம்பிக்க வேண்டாம், பார்க்குற டாக்டர் கிட்ட முதல்ல கேளுங்க.

## கட்டிலை எங்க போடுறது

வீட்டுல வடக்கே தலை வைக்காதன்னா வைக்க வேண்டாம், அம்மா மனசும் நிம்மதியா இருக்கும், உங்களுக்கும் உறுத்தல் இல்லாம தூக்கம் வரும், அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல. சென்னை ஃபிளாட்ல பாதிப் பேருக்குக் கட்டிலை ஒரே ஒரு மாதிரிதான் போட முடியும், பிளக் பாயின்ட், பீரோ, கதவு திறக்குற பக்கம்னு பார்த்தாலே திசை முடிஞ்சுடும். அதைப் பத்திக் கவலைப்படாம வேற ரெண்டு விஷயம் பாருங்க.

மேற்குச் சுவர் மத்தியானம் பூரா வெயில் குடிச்சு ராத்திரி சூட்டைக் கக்கும், கை வெச்சுப் பார்த்தாலே பத்து மணிக்கும் வெதுவெதுன்னு இருக்கும், தலைமாட்டை அதுல ஒட்டாம ஒரு அடி தள்ளிப் போடுங்க. மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்குற வீடுன்னா இன்னும் கவனம். ரெம் நேரத்துல உடம்பு தன் சூட்டைச் சரி பண்ணிக்கிற வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்தி வெச்சிருக்கும், வேர்க்குறதும் நடுங்குறதும் சரியா நடக்காது, அதனால ரூம் சூடானா முதல்ல அடிபடுறது ரெம்தான்.

கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறைய வீட்டுல ஏசியை 3 மணி, 4 மணிக்கு அணையுற மாதிரி டைமர் போட்டு வெச்சிருப்பாங்க, கரெக்டா ரெம் நீளமா வர்ற நேரத்துல ரூம் புழுங்க ஆரம்பிக்கும். அதுக்குப் பதிலா ராத்திரி முழுக்க 26, 27ல வெச்சு, ஃபேனையும் மெதுவா ஓட விட்டு, டைமரை 6 மணிக்கு மாத்திப் பாருங்க.